மாத்திரைக்கு முன் ஒருவர், பின் ஒருவர்

மாஸ்டர் வெட்டிக் கொடுத்த நீலக்கோடு போட்ட சட்டையை வாங்கிப் போக யாரும் வரவில்லை. மனைவி அதைத் தைத்து, பொத்தான் வைத்து, இஸ்திரி போட்டுக் கடைக் கம்பியில் மாட்டியும் ஆயிற்று. கூட மாட்டிய சட்டைகளெல்லாம் உடையவர்களோடு கிளம்பிப் போய்விட்டன. இது மட்டும் மின்விசிறிக் காற்றில் கையை ஆட்டிக்கொண்டு அங்கேயே நின்றது.

"யாரோடதுங்க இது?" என்று மனைவி கேட்டாள்.

"வருவாரு."

"யாரு வருவாரு?"

"அளவு குடுத்தாரே, அவருதான்."

"எப்போ குடுத்தாரு? நான் இங்கயேதானே உக்காந்திருந்தேன்?"

"மெஷின்ல குனிஞ்சா உனக்கு உலகமே தெரியாது. இடி விழுந்தாலும் நூல் அறுந்துச்சான்னு பாப்பே," என்று மாஸ்டர் அதட்டலாகச் சொன்னார். அதட்டல் வாயோடு சரி. அந்த ஆளைப் பற்றி அவருக்கே சந்தேகம். அளவெடுக்க மார்பைச் சுற்றி டேப்பைப் போட்டபோது, அது எதிலும் தட்டுப்படாமல் தரையில் விழுந்தது. கை நழுவிவிட்டது என்று குனிந்து எடுத்தார். நிமிர்ந்தால் ஆளைக் காணோம். ஏதோ அவசரம், கிளம்பிவிட்டார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கடையில் கிடந்த துணியில் கண்ணளவிலேயே சட்டையை வெட்டிவிட்டார். இல்லாத ஆளுக்குக் கச்சிதமாகச் சட்டை வெட்டியவர் இந்தத் தொழிலில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

வீட்டின் முன்னறைதான் கடை. துணியை வெட்டுவது மாஸ்டர், தைப்பது மனைவி. வெட்டுகிறவரும் தைக்கிறவரும் ஒரே வீட்டில் இருந்தால் சண்டைக்குப் பஞ்சமா? சட்டையில் கை பொருத்தும் கைக்குழியை ஆழமாக வெட்டிவிட்டார் என்று இவள் சொல்வாள். தைக்கத் தெரியாதவளுக்குக் கைக்குழி கோணலாம் என்று அவர் சொல்வார். இப்படிச் சொல்லிச் சொல்லியே ஒரு மகளை வளர்த்துப் படிக்க வைத்துக் கல்யாணமும் செய்து கொடுத்துவிட்டார்கள். மகள் வெளியூரில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள்.

நோய் முதலில் வலது கட்டை விரலில்தான் வந்து உட்கார்ந்தது. சாக்குக் கட்டியால் துணியில் கோடு போட்டால் கோடு அலையடித்தது. மாஸ்டர் சாக்குக் கட்டியைத் திட்டினார். அதை வாங்கும் கடையை மாற்றினார். கோடு திருந்தவில்லை. பிறகு கை விறைத்தது, நடை சுருங்கியது, முகத்தில் சிரிப்பு வர நேரம் பிடித்தது. பெரியவர்கள் உதறுவாதம் என்றார்கள், டாக்டர் பார்க்கின்சன் என்றார். பெயர் தெரிந்ததால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. ஆனால் மாத்திரை கிடைத்தது.

மாத்திரையைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். போட்ட புதிதில் மாஸ்டர் பழையபடி கத்திரியைக் கையில் எடுத்துக் கறுக் கறுக்கென்று நடத்தினார். மனைவி மறைவாகப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் வருஷங்கள் போகப்போக, மாத்திரை முதலாளியாகிவிட்டது. அது ஏறியிருக்கும்போது உடம்பு பாட்டே இல்லாமல் ஆடும். தோள் ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம், தலை தனி ஆவர்த்தனம். வாய் மட்டும் படு உற்சாகமாகப் பேசும், கேலி செய்யும், வாடிக்கையாளர்களின் தொப்பையைக்கூட விடாது. அது இறங்கியதும் ஆள் அப்படியே உறைந்துபோவார். கதவு நிலையைத் தாண்ட முடியாமல், காலைத் தரை பிடித்து வைத்துக்கொண்ட மாதிரி நிற்பார். அப்போது அவரிடம் பேசினால் பதில் வருவதற்குள் சட்டைக் கை முனையில் ஒரு கஃப் தைத்து முடித்துவிடலாம்.

இதற்கெல்லாம் மேலாகத்தான் கடையின் ஆளுயரக் கண்ணாடி பக்கத்தில் ஆட்கள் வந்து நிற்க ஆரம்பித்தார்கள்.

அவர்களால் தொந்தரவு ஏதும் இல்லை. வருவார்கள், நிற்பார்கள், போய்விடுவார்கள். வாயே திறக்கமாட்டார்கள். நீலச்சட்டை விவகாரத்துக்குப் பிறகு மாஸ்டர் தனக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். வாயைத் திறந்து பேசுகிறவர் வாடிக்கையாளர், பேசாமல் நிற்கிறவர் மாத்திரையின் வேலை. பேச்சு காதில் விழும்வரை நிமிர்ந்து பார்க்கக்கூடாது. இதை யாரிடமும் சொல்லவில்லை. மூளை கலங்கிவிட்டது என்று கத்திரியைப் பிடுங்கிவிடுவார்களே!

அடுத்த முறை காட்டப் போனபோது டாக்டரம்மா ஒரு புதுப் பேச்சை எடுத்தார்.

"மண்டையோட்டுல சின்னதா துளை போட்டு, மெல்லிசான கம்பி உள்ள வைப்போம். நெஞ்சுல தோலுக்கடியில ஒரு பேட்டரி. அது மூளைக்குக் கொஞ்சம் கொஞ்சமா மின்சாரம் அனுப்பும். விறைப்பும் நடுக்கமும் குறையும். அப்போ மாத்திரையைக் குறைக்கலாம், குறைச்சா இந்த ஆட்டமும் அடங்கும்."

"நோய் போயிடுமா?" என்று மனைவி கேட்டாள்.

"போகாதும்மா. அது பாட்டுக்கு இருக்கும்."

"ஆபத்து?"

"ரத்தக் கசிவு வரலாம், சீழ் பிடிக்கலாம். நிறையப் பேருக்கு வராது, சிலருக்கு வரும். பேச்சு குழறலாம், குரல் சின்னதாகலாம். உங்களுக்கு எதுன்னு என்னால முன்கூட்டியே சொல்ல முடியாது."

"செய்யலைன்னா?"

"மாத்திரையோடயே ஓட்டலாம். கூட்டினா ஆட்டம் கூடும், குறைச்சா விறைப்பு கூடும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடம் போகப்போகக் குறுகும்."

மாஸ்டருக்குப் பாதி புரிந்தது. எப்படி மடித்துப் போட்டு வெட்டினாலும் துணி பத்தாது என்கிறார் டாக்டரம்மா, அவ்வளவுதான்.

"இன்னொண்ணு கேக்கணும். இல்லாத ஆளுங்க யாராவது கண்ணுக்குத் தெரியறாங்களா?"

"சேச்சே!" என்றார் மாஸ்டர். நாற்காலியில் உடம்பு ஆடிய ஆட்டத்தில் அந்தச் சேச்சே நாலாபக்கமும் சிதறியது. மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுல பேசி முடிவோட வாங்க. ஏற்கெனவே செஞ்சுக்கிட்ட ஒருத்தரை உங்களை வந்து பாக்கச் சொல்றேன். பஸ் கண்டக்டரா இருந்தவர். அவருக்கு எப்போ சௌகரியமோ அப்போ வருவாரு," என்று டாக்டரம்மா அனுப்பி வைத்தார்.

வீட்டில் பேசத்தான் பேசினார்கள். அங்கேதான் குழப்பமே.

மகள் தினமும் சாயங்காலம் வேலை முடிந்து போன் செய்வாள். அந்த நேரத்தில் மாத்திரை ஏறியிருக்கும்.

"அப்பா, என்ன முடிவு பண்ணீங்க?"

"இதுல முடிவு பண்ண என்னம்மா இருக்கு? செஞ்சிடுவோம்! ஒரு கம்பி என்ன, தண்டவாளத்தையே வச்சாலும் தாங்கற மண்டை இது. உங்கம்மாவைக் கேளு," என்று சிரிப்பார். மகளும் சிரிப்பாள். அன்று நிம்மதியாகத் தூங்குவாள்.

மனைவியின் அண்ணன் பகலில் வருவார். மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர், மாஸ்டருக்கு மச்சான். அவர் வருகிற நேரம் பார்த்து மாத்திரை இறங்கியிருக்கும்.

"மாப்ளே, நான் ஆயுசு பூரா கம்பியோட குடித்தனம் பண்ணவன். சொல்றேன் கேளுங்க. கம்பி இருக்கிற இடத்துல கோளாறு இருக்கும். மழைக்காலத்துல என்னமா சதி பண்ணும் தெரியுமா?"

மூளைக்குள் மழை பெய்யாது என்று மச்சானுக்கு எடுத்துச் சொல்ல யாரும் இல்லை. அவருக்கு மாஸ்டர் மேல் உயிர், அதனால்தான் இந்தப் பேத்தல். மாஸ்டர் உறைந்த முகத்தோடு அவரைப் பார்ப்பார். மெல்ல மெல்ல வார்த்தை வரும்.

"வேணாம்... மச்சான். இருக்கிறபடியே... இருந்துட்டுப் போறேன்."

சொல்லும்போது கண்ணில் தண்ணீர் நிற்கும். மச்சான் அவர் தோளைத் தட்டிவிட்டு, விஷயம் முடிந்தது என்று எழுந்து போவார்.

இதில் எதுவும் பொய் இல்லை. மாத்திரை ஏறியவர் மனசாரச் சரி என்றார். இறங்கியவர் மனசார வேண்டாம் என்றார். நடுவில் மாட்டிக்கொண்டது மனைவிதான். ஒரு நாள் மச்சான் இருக்கும்போதே மகள் போன் செய்ய, இரண்டு தரப்பும் முட்டிக்கொண்டன.

"மாமா, அப்பா சரின்னுட்டாரு. நான் லீவுக்கே சொல்லிட்டேன்."

"யாரு சொன்னா? கண்ணு கலங்க என்கிட்ட வேணாம்னாரு. நீ அங்க உக்காந்துக்கிட்டு அவரு மண்டையில ஓட்டை போடச் சொல்றியா?"

"நான் சொல்லலை, அவரேதான் சொன்னாரு!"

"அப்போ நான் என்ன பொய் சொல்றேனா?"

இருவரும் ஒரே மூச்சில், "அவரையே கேளுங்க!" என்றார்கள். எல்லாரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். மாத்திரை அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. வாய் வேண்டாம் என்று ஆரம்பித்தது. முடிப்பதற்குள் உள்ளே என்னவோ இளகியது, ஏன் வேண்டாம் என்று அவருக்கே தோன்றியது. "நான்... எனக்கு... கொஞ்சம் இருங்க," என்று எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். மகள் போனை வைத்தாள். மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அன்றைக்கு மாஸ்டருக்கு வந்த பயம் வேறு மாதிரி. ஆபரேஷன் கத்திக்கும் துளைக்கும் இதுவரை பயந்திருக்கிறார். தன் வாயிலிருந்து வருகிற சொல் தன்னுடையதுதானா என்று பயந்தது அன்றைக்குத்தான். துணியில் தப்பாக வெட்டிவிட்டால் ஒட்டுப் போட்டுச் சமாளிக்கலாம். இதில் தப்பான ஆள் முடிவெடுத்துவிட்டால்? அந்தத் தப்பான ஆள் எவன், ஆடுகிறவனா, உறைகிறவனா? யோசித்து யோசித்துத் தலை சுற்றியது. இந்த யோசனையைச் செய்வது எவன் என்று அதற்கு மேல் ஒரு யோசனை.

ஒரு மத்தியானம் மாஸ்டர் மேஜையில் துணி விரித்துக் காலர் வெட்டிக்கொண்டிருந்தார். மின்விசிறி கடகடவென்று ஓடியது. மனைவி உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடி பக்கத்தில் ஒல்லியாக ஒருவர் வந்து நின்றார்.

மாஸ்டர் கடைக்கண்ணால் பார்த்துவிட்டுக் கத்திரியைத் தொடர்ந்தார். பேச்சு வரட்டும். வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. உதட்டை அசைக்கிற அளவுக்குத் துணிந்துவிட்டார்களா! மாஸ்டருக்குக் கோபம் வந்தது.

"எத்தனை பேருய்யா வருவீங்க? உனக்கெல்லாம் தைக்க முடியாது. ஏற்கெனவே ஒருத்தனுக்குத் தைச்சு அது கம்பியில தொங்குது. போ, போ!"

வந்தவர் போகவில்லை. மறுபடி உதட்டை அசைத்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தே விட்டார்.

மாஸ்டர் ஒரு விஷயத்தில் பெருமைப்பட்டுக்கொண்டார். ஏமாறவில்லையே! முன்பானால் டேப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார். இப்படி மெச்சிக்கொண்டே ஓரக்கண்ணால் இன்னொரு முறை பார்த்தவருக்குக் கத்திரி நின்றது.

அந்த ஆளின் சட்டை சகிக்கவில்லை. கழுத்தெலும்புக்குக் கீழே ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு, மேல் பொத்தான் இழுத்துப் பிடித்திருந்தது. அந்தப் பக்கத்து ஓரம் மேலேறி நின்றது. இதுவரை கண்ணாடி பக்கம் வந்து நின்ற எவரும் இப்படி ஒரு சட்டை போட்டுக்கொண்டு வந்ததில்லை. தோளும் கையும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். இருக்காதா, மாஸ்டரின் மூளை தைத்த சட்டைகள் அல்லவா அவை? இவ்வளவு கேவலமாக அந்த மூளைக்குத் தைக்கத் தெரியாது. அப்படியானால் இது நிஜமான ஆள்!

"வாங்க, வாங்க! கண்டக்டர் சார்தானே? டாக்டரம்மா சொன்னாங்க," என்று டீயோடு வந்த மனைவி, அவர் உதடு மட்டும் அசைவதைப் பார்த்து மின்விசிறியை நிறுத்தினாள்.

"அப்போலேருந்து சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்," என்றார் கண்டக்டர். காற்றில் காகிதம் உரசுகிற அளவுக்குத்தான் குரல். "சார் போ போன்னு சொல்லிட்டாரு."

சட்டைக்குள் புடைத்தது பேட்டரிதான் என்று மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது, கையெடுத்துக் கும்பிட்டார். வெட்கத்தில் காது சுட்டது. கண்டக்டர் சத்தமில்லாமல் சிரித்தார். பஸ்ஸின் கடைசி சீட்டுக்குக் கேட்கக் கத்திய தொண்டை அது. இப்போது அதைக் கேட்க இருவரும் முன்னால் குனிய வேண்டியிருந்தது.

ஆனால் டீ டம்ளரை அவர் எடுத்தார். ஒரு சொட்டுத் தளும்பாமல் வாய்க்குக் கொண்டுபோனார், குடித்தார், வைத்தார். மாஸ்டர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பொறாமை அவருக்கு வாழ்க்கையில் யார்மேலும் வந்ததில்லை.

"நல்லதாப் போச்சுன்னு சொல்லுங்க," என்றார் ஆசையாக.

"கை நல்லதாப் போச்சு. பொத்தானை நானே போட்டுக்கறேன். பாருங்க, குரல் இப்படி. வீட்டுல ரெண்டு தரம் 'என்ன, என்ன'ங்கறாங்க. அப்புறம் புரிஞ்ச மாதிரி தலையை ஆட்டிடறாங்க. புரியலைன்னு எனக்குத் தெரியும்."

"அப்போ செஞ்சது தப்பா?"

"தெரியலையே சார். செய்யாம இருந்தா எப்படி இருந்திருப்பேன்னு போய்ப் பாத்துட்டு வர முடியாதே." கண்டக்டர் கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஒண்ணு மட்டும் யாரும் எனக்குச் சொல்லலை. நான் உங்களுக்குச் சொல்லிடறேன். ஆபரேஷன் அன்னைக்கு மாத்திரையை நிறுத்திடுவாங்க. நான் முழிச்சிருக்கும்போதே கம்பியை வச்சாங்க. கையை மூடு, திறன்னு கேட்டுக்கிட்டே. சரின்னு கையெழுத்துப் போட்டவன் மாத்திரை ஏறினவன், பெரிய வீரன். மேஜையில போய்ப் படுத்தவன் வேற ஆளு. அவனை யாரும் ஒரு வார்த்தை கேக்கலை. அவன் அங்க படுத்துக்கிட்டு அழுதான்."

கண்டக்டர் போன பிறகு வெகுநேரம் மாஸ்டர் கத்திரியைத் தொடவில்லை. உடம்பு ஆடியது. அப்புறம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். கண்ணாடி பக்கம் வருகிறவர்கள், தரையில் விழுந்த டேப், பேசாதவரைப் பார்க்காதே என்ற சட்டம் எல்லாவற்றையும். சொல்லி முடித்துத் தலை குனிந்துகொண்டார்.

"தெரியும்," என்றாள் மனைவி.

"எப்படி?"

"காலியா இருக்கிற இடத்துல டேப்பைச் சுத்தினா, எதிர்ல உக்காந்திருக்கிறவளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் தைச்சியா?"

"நீங்க வெட்டிக் குடுத்தீங்க, தைச்சேன். எவ்வளவு அழகா வெட்டியிருந்தீங்க! உங்க கையில அந்த மாதிரி வெட்டைப் பாத்து நாளாச்சு. அதைக் குப்பையில போட மனசு வரலை." அவள் காலி டம்ளர்களை எடுத்து அடுக்கினாள். "அந்தப் பாழாப்போன மாத்திரையைத் திட்டவா கும்பிடவான்னு எனக்கும் தெரியலைங்க."

இத்தனை நாளும் தனியாகக் குழம்புகிறோம் என்று நினைத்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம்.

"டாக்டரம்மாகிட்ட இதைச் சொல்லணும்," என்றார்.

"சொன்னா ஆபரேஷனே கிடையாதுன்னுடுவாங்களோ? இல்லே, மாத்திரையைக் குறைச்சிடுவாங்களோ?"

"என்ன வேணா சொல்லட்டும். ஆளுங்க வர்றதைச் சொல்லாம முடிவைச் சொல்ல முடியாது. இன்னொண்ணு. காலையில மாத்திரை குடுக்கறதுக்கு முன்னாடி என்னைக் கேளு. வேணுமா வேணாமான்னு."

"அப்போ உங்களுக்கு வாயே வராதே!"

"வர்ற வரைக்கும் இரு. அந்த மேஜையில படுக்கப்போறவன் அவன். அவன் என்ன சொல்றானோ அதைப் போய்ச் சொல்லு. இப்போ நான் சொல்ற எதையும் கணக்குல சேக்காதே. இப்போ கேட்டா நான் சரின்னுதான் சொல்வேன்."

மறுநாள் விடிந்தபோது அவர் கட்டிலில் விறைத்துக் கிடந்தார். வலது கை மட்டும் போர்வைக்குள் தன்பாட்டுக்கு நடுங்கியது. தலையணையில் எச்சில் ஈரம். மனைவி ஸ்டூலில் தண்ணீரையும் மாத்திரையையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். மாத்திரையைப் பார்த்ததும் உடம்பு முழுவதும் அதற்காக ஏங்கியது. அவளோ கொடுக்கவில்லை.

"கேக்கச் சொன்னீங்க, கேக்கறேன். ஆபரேஷன் வேணுமா, வேணாமா?"

அவர் பதிலைத் தேடினார். வழக்கமாக இந்த நேரத்தில் வேண்டாம் என்ற சொல் தயாராக இருக்கும். மச்சானுக்கு எடுத்துக் கொடுக்கிற அதே சொல். இன்றைக்கு அதன் பக்கம் போனபோது, துளை போடுகிற சத்தம் காதில் கேட்டது. காகிதம் மாதிரி உரசும் ஒரு குரல் தன்னுடையதாகக் கேட்டது. கண்ணாடி பக்கம் இனி யாரும் வராமல் போவார்களோ என்று நினைத்தார். அதற்கு வருந்துவதா மகிழ்வதா என்றுகூடத் தெரியவில்லை. அவள் காத்திருந்தாள். தெருவில் ஒரு வண்டி வந்து நின்று, திரும்பிப் போயிற்று. நாக்கு மரக்கட்டை மாதிரி அசைந்தது.

"பயமா... இருக்கு."

மனைவியின் முகம் இளகிவிட்டது. அவர் நெற்றியைத் தடவினாள். "சரிங்க. போதும், விடுங்க. வேணாம்னு நான் சொல்லிடறேன். யாரும் உங்களை ஒண்ணும் பண்ண மாட்டாங்க," என்று மாத்திரையை எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனாள்.

அவர் உதட்டை இறுக்க மூடிக்கொண்டார். அவள் புரியாமல் பார்த்தாள். தலையை ஆட்டிச் சொல்லலாம் என்றால் கழுத்து ஒத்துழைக்கவில்லை. எல்லா பலத்தையும் சேர்த்து நாக்கைப் புரட்டினார்.

"பயமா இருக்குன்னுதான்... சொன்னேன். வேணாம்னு... சொல்லலையே."

சொல்லிவிட்டு, மாத்திரைக்காக வாயைத் திறந்தார்.